கால் ஊன்றாத ஏற்றம்

"…அதெல்லாம் இருக்கட்டும் வே, அந்தச் சப்பாத்துல, ரோட்டுக்கு மேல வெள்ளம் ஓடுற இடத்துல, அவன் என்ன செஞ்சான், அதைச் சொல்லும். நீரு பின்னால சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்த ஆளு. முன்னால போனவன் கால் ஊனலைன்னு எந்தக் கண்ணால கண்டீரு?"

மூப்பர் இப்படிக் கேட்டது ஒரு திங்கட்கிழமைக் காலையில், மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த மிளகுக் கிடங்கின் முற்றத்தில். எழுபதுகளின் கடைசி. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்க்காமல் சுற்றி நின்றார்கள். சுக்குப் பொறுக்கும் பெண்கள் முறத்தை மடியில் வைத்தபடி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். என் பக்கத்தில் என் கூட்டாளி. என் பதிலைப் பொறுத்துத்தான் அவருக்குச் சுமட்டுக் கூட்டத்தில் மறுபடியும் இடம் உண்டா இல்லையா என்பது.

நான் அங்கே டாலி எழுதுகிறவன். வள்ளத்துக்குப் போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. யாராவது போகிற போக்கில் ஒரு பேச்சை நன்றாகச் சொல்லிவிட்டால் டாலிப் புத்தகத்தின் கடைசித் தாளில் அதையும் எழுதி வைத்துக்கொள்வேன். இப்போது நான் சொல்லப்போகிறதில் பாதி அந்தத் தாள்களிலிருந்து வருவதுதான்.

கிடங்கின் பின்வாசல் காயலைப் பார்த்துத் திறக்கும். கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவே ஒரு நீளப் பலகை. தலையில் மூட்டையோடு வரிசையாக அதில் ஏறிப் போக வேண்டும். பலகையில் கால் வைத்தவனுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க இடமில்லை. ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவனும் நிற்பான், பலகை ஆடும், அப்புறம் தண்ணீரில் விழுவது யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஏறுகிறவன் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவான். நின்றுவிட்டவன் அந்தக் குரலைக் கொடுக்கக் கூடாது. இது மூப்பர் வைத்த சட்டம். சுமட்டுக் கூட்டத்துக்குத் தலைவர் அவர். இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டத்தில் ஒருவன் சேருகிற நாளில், அவன் தலைக்குப் போகும் முதல் மூட்டையின் ஒரு காதை, அதாவது ஒரு மூலையை, மூப்பரே பிடித்துத் தூக்கிவிடுவார். அந்த ஒரு மூட்டைதான். அதற்குப் பிறகு அவன் மூட்டையில் அவர் கை படாது.

என் கூட்டாளிக்கும் பதினாறு வருஷத்துக்கு முன்னால் அப்படித் தூக்கிவிட்டவர்தான். நான் சொல்லும் இந்த வருஷம் மழைக்காலத்தில் கூட்டாளிக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, டாக்டரின் சீட்டோடு திரும்பி வந்தார். மூப்பர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரைச் சுக்குப் பொறுக்க உட்கார வைத்தார்.

சுக்குப் பொறுக்குவது பெண்கள் வேலை. முதல் நாளே சுமட்டுக்காரர்கள் அவருக்குச் சேச்சி, அதாவது அக்கா, என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சேச்சி, கொஞ்சம் நகந்து உக்காருங்க, காத்து வரட்டும்." "சேச்சி, உங்க வீட்டுல இன்னிக்கி என்ன கூட்டான்?" அவரும் சிரித்துக்கொண்டே, "கப்பையும் மத்தியும், ராத்திரி வந்தா தாரேன்" என்பார். ஆனால் மத்தியானம் சுமட்டுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் மட்டும் காயலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மூப்பரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒருவன் இப்படித்தான், மூச்சு போதாமல் பலகை நடுவில் நின்று, மூட்டையோடு கீழே போனான். மூப்பர்தான் குதித்துத் தூக்கினார். ஆள் பிழைத்தான், இடுப்பு பிழைக்கவில்லை. "இன்னொருத்தனைக் காயல்லேந்து எடுக்க எனக்கு வயசு இல்லைடா" என்று கூட்டாளியிடம் அவர் சொன்னார்.

டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். கூட்டாளி வாடகைச் சைக்கிள் எடுத்து ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரை தினமும் போய்வந்தார். ஒருநாள் அதைப் பெருமையாகச் சொன்னார். மூப்பர் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், "சமதரையில என் ஆடும்தான் ஓடுது" என்றார்.

"அப்போ எங்கே ஓட்டிக் காட்டணும், சொல்லுங்க மூப்பரே."

"வயசுல நான் சாலக்குடிக்கு மேல காட்டுல மரம் ஏத்தப் போனவன். வாழச்சால் செக்போஸ்ட் தாண்டி அணைவரைக்கும் ஒரு ஏத்தம் கிடக்கு. நடுவுல ஒரு சப்பாத்து, ரோட்டுக்கு மேலயே வெள்ளம் ஓடும். எல்லாத்தையும் கால் ஊனாம ஏறிட்டு வா. மூட்டையை நானே உன் தலையில தூக்கி வைக்கேன்."

"சாட்சிக்கு யாரு?"

மூப்பர் என்னைக் காட்டினார். "இவரு. வாய் நிக்காது இவருக்கு. ஆனா பொய் வராது. ஒரு மூட்டையைக் கூட்டிச் சொல்லச் சொன்னாலே வேர்த்து ஒழுகிரும்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நானும் சம்மதித்தேன்.

மட்டாஞ்சேரிக்காரனுக்கு மலை என்று ஒன்று உண்டென்றால் அது தோப்பும்படிப் பாலம்தான். அதற்கு மேல் உயரமாக எதையும் நாங்கள் மிதித்ததில்லை. ஒரு மாதம், விடிவதற்கு முன்னால் எழுந்து போய், பாலத்தில் ஏறுவதும் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தோம். முதல் நாள் ஆறாவது ஏற்றத்தில் அவர் இருமினார். கடைசி நாள் நாற்பது ஏறினார், நான் கோடு போட்டேன். பால்காரர் ஒருவர் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் தாங்க மாட்டாமல் நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, பாலத்துல எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாசஞ்சரில் கிளம்பினோம். முந்தின நாளே கூட்டாளியின் மனைவி கப்பைக் கிழங்கு அவித்து, மிளகாயும் உள்ளியும் நசுக்கிய சம்மந்தித் துவையலோடு வாழையிலையில் கட்டித் தந்திருந்தார். வாசலில் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாதியில திரும்பி வந்தாலும் சோறு உண்டு. மலை ஒண்ணும் நமக்குப் பொண்ணு தரப்போறதில்லை." கூட்டாளி சைக்கிளில் ஏறினார். தெருமுனை திரும்பியதும் என்னிடம், "அவ அப்படித்தான் சொல்லுவா டாலி. நேத்து சாயங்காலம் பூராவும் கோயில்ல இருந்தா" என்றார்.

எர்ணாகுளம் ஸ்டேஷனில் இரண்டு சைக்கிள்களையும் கார்டு வண்டியில் ஏற்றினோம். ஓடும்போது சாய்ந்துவிடாமல் இருக்க, கிடங்கிலிருந்து கொண்டுபோன கயிற்றால் கூட்டாளி அவற்றைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். மூட்டை கட்டுகிற கை, முடிச்சு இரும்பு மாதிரி. கார்டு கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். "மிதிச்சுப் போறதுக்குத்தானே சைக்கிள்? உங்க ஊர்ல அதைச் சுமந்துகிட்டுப் போவாங்களா?"

சாலக்குடியில் இறங்கும்போது வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஒரு சாயா குடித்துவிட்டு மிதிக்கத் தொடங்கினோம். வலது பக்கம் ஆறு ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது. ரப்பர்த் தோட்டங்கள், பிறகு எண்ணெய்ப் பனை, பிறகு காடு. அருவிக்குப் போகிற வளைவுகளிலேயே எனக்கு நாக்கு வறண்டது. வாழச்சால் செக்போஸ்ட்டில் இறங்கிக் கப்பையைப் பிரித்தபோது மணி பத்தரை. கால் ஊன்றாத கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வனக் காவலர் குறுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டே எங்கள் சைக்கிள்களை மேலும் கீழும் பார்த்தார். "மேல ஆனை நிக்கும். பயம் உண்டோ?"

"ஆனைக்கா?" என்றார் கூட்டாளி.

காவலர் சிரித்துவிட்டார். கட்டை உயர்ந்தது. கூட்டாளி ஒரு காலைப் பெடலில் வைத்து, மறுகாலால் தரையை ஒரு தள்ளுத் தள்ளி ஏறினார். அந்தத் தள்ளல்தான் கடைசி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாட்சி இரண்டாவது வளைவிலேயே இறங்கிவிட்டான். தொடை இரண்டும் என்னுடையவை இல்லை என்று சொல்லிவிட்டன. சைக்கிளை உருட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், கூட்டாளி சீட்டிலிருந்து எழுந்து, உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து மிதித்துக்கொண்டு அடுத்த வளைவில் மறைகிறார். "அண்ணே, மெள்ளப் போங்க" என்று கத்தினேன். "மெள்ளப் போனா விழுந்துருவேன் டாலி" என்று குரல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு குரலும் இல்லை.

தனியாக நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மூப்பர் அனுப்பியது என் கண்ணை. கண் இங்கே நிற்கிறது, ஆள் அங்கே போகிறார். திங்கட்கிழமை நான் எதைச் சொல்லுவேன்?

அப்போது தரையைப் பார்த்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. தார் பெயர்ந்துபோன சாலையில் செம்மண் பரப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மரலாரி ஒன்றும் ஓடவில்லை. ஈர மண்ணில் ஒற்றைச் சைக்கிள் தடம், சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல் தெளிவாகக் கிடந்தது. அந்தச் சைக்கிளின் பின்டயர் கிழிந்து, வாடகைக் கடைக்காரர் அதைத் தடித்த நூலால் தைத்திருந்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அந்தத் தையல் மண்ணில் ஒரு குறுக்குக்கோடு போட்டிருந்தது. என் தொழிலை யாரோ எனக்கு முன்னால் செய்துகொண்டு போனது போல இருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன்.

அப்படி நடந்த நடையில் என் கூட்டாளியைப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தேன். ஏற்றம் லேசான இடத்தில் தடம் நேராகப் போகும். செங்குத்தாகும் இடத்தில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பாம்பு மாதிரி நெளியும். ஒரு வளைவில் நெளிவு மிகவும் நெருங்கி, முன்சக்கரத் தடம் பக்கவாட்டில் சறுக்கி, ஆள் விழப்போன இடம் தெரிந்தது. பக்கத்தில் குனிந்து தேடினேன். காலடி இல்லை. தடம் ஒரு சாண் நடுங்கிவிட்டு மறுபடி மேலே போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் மண்ணைப் பார்த்து ஒரு மனிதன் அழுவதை அந்தக் காட்டில் குரங்குகள் பார்த்திருக்கும்.

பிறகு சப்பாத்து வந்தது. மூப்பர் சொன்னதேதான். பாறைத் தளம், அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் குறுக்கே ஓடுகிறது. தடம் தண்ணீரில் இறங்கி மறைந்தது, அக்கரை மண்ணில் மறுபடி ஏறியது. நடுவில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு என் சாட்சியம் கழுவிப் போயிருந்தது.

கரையில் ஒரு பெண் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அணையில் வேலை பார்க்கும் குடும்பம் போலிருக்கிறது. தமிழ்தான் பேசினார்.

"அம்மா, இப்படி ஒரு சைக்கிள் போச்சா?"

"போச்சே. உங்க ஆளா அது?"

"தண்ணியில கால் ஊனினாரா?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "கால் ஊனுற ஆளா அது? நான் நடுவுல குடத்தோட நிக்கேன். 'வழி, வழி'ன்னு கூப்பாடு போட்டுக்கிட்டே வருது. ஏதோ சாமி பல்லக்கு வருதுன்னு நெனச்சு ஒதுங்கி நின்னேன். பாத்தா சைக்கிள்." பிறகு என்னையும் என் சைக்கிளையும் பார்த்து, "நீங்க ஏன் அதைத் தள்ளிக்கிட்டு வர்றீங்க, பஞ்சரா?" என்றார்.

ஆமாம், நான் பஞ்சர் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கடந்தேன்.

அணையின் வாசல் தெரிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முன்னால் கொஞ்சம் சமதரை. அங்கே நான் பார்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். கூட்டாளி சைக்கிளில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் நெருப்பு. வாசல் காவலாளி கையில் சாயா கிளாஸோடு நடுவில் நின்று, அவர் சுற்றச் சுற்றத் தானும் திரும்பிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் காவலாளி, "இது உங்க ஆளா? கால் மணி நேரமா சுத்துது. இறங்கச் சொன்னா, 'சாட்சி வரலை, சாட்சி வரலை'ங்குது. ஏதாச்சும் கோர்ட்டுக் கேஸா?" என்று கேட்டார்.

கூட்டாளி என்னைக் கடந்து போகும்போது கேட்டார்: "டாலி, கண்டீரா?"

"கண்டேன் அண்ணே."

"நல்லாக் கண்டீரா?"

"கண்டேன், இறங்குங்க."

இறங்க வரவில்லை. கால் பெடலோடு மரத்துவிட்டது. நானும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டையை இறக்குவது போல அவரை இறக்கி வைத்தோம். தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கிய நெஞ்சு மெல்ல மெல்லச் சீரானது. ஒரு இருமல் இல்லை. கண்ணைத் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்தச் சாயா இன்னும் ஒரு கிளாஸ் கிடைக்குமான்னு கேளும்."

சாயா குடிக்கும்போதுதான் காவலாளி எங்கள் சைக்கிளைச் சுற்றிவந்து, "இதுல பிரேக்கு எங்கே?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மட்டாஞ்சேரியில் பிரேக்கை யார் கண்டார்கள்? அந்தச் சந்துகளில் எதிரே வரும் கைவண்டியோ குறுக்கே படுத்திருக்கும் ஆடோ நிறுத்திவிடும், மிச்சத்துக்குச் செருப்பு உண்டு. வாடகைக் கடைக்காரரும் ரப்பர்க் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு மணியை மட்டும் நன்றாகத் துடைத்துக் கொடுப்பார். ஒரு மாதம் பாலத்தில் பழகியபோதும் ஏறுவதைத்தான் எண்ணினோம். ஏறினால் இறங்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொச்சிக்காரங்க" என்றார், வேறெதுவும் சொல்லத் தேவையில்லாதது போல.

கூட்டாளி எழுந்து ரயிலில் கட்டிய கயிற்றைப் பையிலிருந்து எடுத்தார். மாடியிலிருந்து மூட்டை இறக்கும்போது கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுபட விட்டு இறக்குவது சுமட்டுக்காரர்கள் பழக்கம். இங்கே தூண் இல்லை. சாலையோரம் விழுந்து கிடந்த இலையோடு கூடிய இரண்டு பெரிய கிளைகளை இழுத்துவந்து, சைக்கிளுக்கு ஒன்றாகக் கேரியரின் பின்னால் கட்டினார். காவலாளி ஒரு கிளையின் மேல் ஏறி நின்று முடிச்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இனி போகலாம்" என்றார்.

இறங்கினோம். கிளைகள் தரையைப் பிறாண்டிக்கொண்டு பின்னால் வந்தன. எவ்வளவு செங்குத்தானாலும் நடைவேகத்துக்கு மேல் ஒரு சக்கரமும் போகவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால், காலையில் நான் படித்த தடமெல்லாம் அழிந்து சாலை சுத்தமாகக் கிடந்தது. கூட்டாளி உரக்கச் சொன்னார்: "சேச்சிதானே நான், பெருக்கவும் தெரியும்." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை நாளில் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சப்பாத்துக் கரையில் அந்தப் பெண் இல்லை. இருந்திருந்தால் இந்தத் தடவை என்ன வருகிறது என்று நினைத்திருப்பாரோ.

செக்போஸ்ட் தாண்டி, அருவி வளைவுகளும் முடிந்த பிறகு கிளைகளை அவிழ்த்துப் போட்டோம். மாலை பாசஞ்சர் எங்களுக்காக ஐந்து நிமிஷம் தாமதமாகவே வந்தது. பெட்டியில் எல்லோரும் எங்களைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவு செம்மண். எர்ணாகுளத்தில் இறங்கி, துறைமுகத் தீவான ஐலண்டைக் கடந்து தோப்பும்படிப் பாலத்துக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கூட்டாளி சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, மறுகையால் பீடி பற்றவைக்கப் போனவர், பிறகு நினைத்துக்கொண்டு அதைக் காயலில் எறிந்தார். "என்ன டாலி," என்றார், "பாலத்தை யாரோ வெட்டிக் குட்டையாக்கிட்டாங்க போல."

ஆக, திங்கட்கிழமை காலையில் இத்தனையையும் மூப்பரிடம் ஒப்பித்தேன். தடம், தையல், எண்ணிக்கை, வட்டம் அடித்தது, எல்லாம். நான் நடந்தே வந்ததையும் மறைக்கவில்லை. பெண்கள் சிரித்தார்கள், மூப்பர் சிரிக்கவில்லை. சப்பாத்திலேயே நின்றார். தண்ணீருக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் சொன்னீரு, நடு எங்கே என்றார். அதைத்தான் முதலில் எழுதினேன்.

குடம் கழுவின பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அவ என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லும். உம்ம சொந்தச் சரக்கைச் சேக்காதேயும்."

"நடுவுல குடத்தோட நின்னாங்களாம். 'வழி, வழி'ன்னு கூப்பாடு போட்டுக்கிட்டே வந்தாராம். ஒதுங்கி வழி விட்டாங்களாம்."

மூப்பர் கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி தரையைப் பார்த்தார். பலகையில் நின்றுவிட்டவன் அந்தக் குரலைக் கொடுக்க மாட்டான் என்பது அந்த முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தண்ணிக்குள்ள வெச்சா கூப்பிட்டே?"

"ஆமா மூப்பரே."

"யாருடா உன்னைக் கூப்பிடச் சொன்னது?"

"வாயில வந்துட்டுது. பழக்கம்."

மூப்பர் பீடியைக் கட்டைவிரலால் நசுக்கிக் காதில் செருகினார். தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல் மூட்டைகள் அடுக்கிய அட்டிக்குப் போய், மேலே இருந்த மிளகு மூட்டையை முன்னால் இழுத்து, குனிந்து, அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.